வீட்டு டிஸ்க்கைக் காப்பாற்றுவது எப்படி: சாவி இருக்கும் டிஸ்க், சாவியே வேண்டாத டிஸ்க்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சித்தி வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தோம். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு ரெக்சின் பை வந்தது. உள்ளே வீட்டு டிஸ்க் 41. கல்யாணம், சடங்கு, ஊர்க் கோயில் கொடை. அதுபோக மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சினிமா ப்ளூரே அஞ்சாறு. எல்லாவற்றின் மேலும் தாமிரபரணி வண்டல். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏ தம்பி, மறுவீட்டுப் பந்தியில உங்க தாத்தா சொதி ஊத்திக்கிட்டு வருவாருல்லா, அது இதுக்குள்ளதான கெடக்கு?"

அதற்குள்தான் கிடந்தது. ஒரு மாதம் போராடியதில் 36 டிஸ்க் முழுசாக வந்தன, 3 பாதி வந்தன, 2 வரவே இல்லை. அந்த ஒரு மாதத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை ஒரு டிஸ்கைக் கூட கணினியில் ஏற்றிப் பழகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பிரியுங்கள்

டிஸ்கை டிரைவில் போடும் முன்னால் இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள். ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம், கடையில் விலைக்கு வாங்கிய சினிமா டிஸ்க் இன்னொரு பக்கம். மேலே மார்க்கரில் எழுதியிருந்தாலோ, மாப்பிள்ளை பெண் போட்டோ அச்சிட்டு ஒட்டியிருந்தாலோ அது ஸ்டுடியோ டிஸ்க். எழுதிய டிவிடியின் அடிப்பக்கம் லேசாக ஊதா ஓடும். ஆலையில் அச்சடித்தது வெள்ளி மாதிரி பளபளக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ப்ளூரே என்று ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கல்யாண டிஸ்குக்கும், பூட்டிய டிஸ்கைத் திறக்கும் சாவிக் கோப்பு தேடி இரண்டு நாள் அலைந்த ஆளை எனக்குத் தெரியும். அந்த டிஸ்கில் நகல் எடுக்க விடாமல் தடுக்கும் பூட்டே கிடையாது. அப்புறம் சாவிக்கு என்ன வேலை? டிஸ்கைத் திறந்து பாருங்கள். ப்ளூரேயாக இருந்தால் பிடிஎம்வி (BDMV) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், படமெல்லாம் அதற்குள். அதன் பக்கத்திலேயே ஏஏசிஎஸ் (AACS) என்று இன்னொரு ஃபோல்டர் இருந்தால்தான் அது பூட்டிய டிஸ்க். வீட்டு டிஸ்கில் அது இருக்காது. டிவிடியில் இப்படி ஃபோல்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நகல் எடுக்கும் மென்பொருளே இது பூட்டிய டிஸ்க் என்று சொல்லி நின்றுவிடும்.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது

சாவிக் கோப்பு என்ற பெயரைக் கேட்டவர்கள் பலர், அது என்ன என்று தெரிந்தவர்கள் சிலர். எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய வீடுகளில் நெல் பத்தாயத்தின் சாவி மரப்பெட்டிக்குள் இருக்கும். மரப்பெட்டிச் சாவி பீரோவுக்குள். பீரோ சாவி ஆச்சியின் இடுப்பில். சினிமா ப்ளூரேயின் பூட்டும் இதே கணக்குத்தான். படத்தை 128 பிட் ஏஇஎஸ் என்ற முறையில், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கி வைத்திருப்பார்கள். அதைத் திறக்கும் டைட்டில் சாவி டிஸ்கிலேயே இருக்கிறது, ஆனால் அதுவும் பூட்டித்தான் இருக்கிறது. அதைத் திறக்க அந்த டிஸ்குக்கே உரிய வால்யூம் சாவி வேண்டும். வால்யூம் சாவி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பிளேயர் தயாரித்த நிறுவனத்துக்குக் கொடுத்த சாவிகளை வைத்து, டிஸ்கில் உள்ள மீடியா கீ பிளாக் என்ற பகுதியைக் கணக்குப் போட்டு, வருகிற விடையோடு வால்யூம் ஐடி என்ற எண்ணைச் சேர்த்தால் அது கிடைக்கும். அந்த வால்யூம் ஐடி சாதாரணமாகக் கோப்புகளை நகலெடுக்கும்போது கூடவே வராது. ஃபோல்டரை அப்படியே இழுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டால் படம் ஓடாததற்குக் காரணம் இதுதான்: பத்தாயம் வந்துவிட்டது, பீரோ ஊரில் நிற்கிறது.

சாவிக் கோப்பு என்பது இந்தச் சங்கிலியில் வால்யூம் சாவியை மட்டும் எழுதி வைத்த ஒரு பட்டியல். வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். ஒரு டிஸ்குக்கு ஒரு வரி: முதலில் டிஸ்கின் அடையாளம் 40 எழுத்தில், பிறகு படத்தின் பெயர், பிறகு வால்யூம் சாவி 32 எழுத்தில். இந்த வகைக் கோப்பை ஏற்கிற மென்பொருள், டிஸ்கில் டைட்டில் சாவிகள் இருக்கும் கோப்பைக் கணக்குப் போட்டு அந்த 40 எழுத்து அடையாளத்தை எடுக்கும். பட்டியலில் அதே அடையாளம் இருந்தால் நேராகத் திறக்கும், இல்லையென்றால் கையை விரிக்கும். ஒரே படம்தான், ஆனால் ஒரு நாட்டுப் பதிப்புக்குத் திறக்கிற வரி இன்னொரு நாட்டுப் பதிப்புக்குத் திறக்காமல் போவது இதனால்தான். டிஸ்க் வேறாக அச்சானால் அடையாளமும் வேறு. கசிந்துபோன பிளேயர் சாவிகளைப் புதிய டிஸ்குகளின் மீடியா கீ பிளாக்கில் செல்லாததாக்கிவிடுவார்கள். 4கே டிஸ்கில் இருப்பது ஏஏசிஎஸ்-இன் இரண்டாம் பதிப்பு, பழைய கருவிகள் அங்கே செல்லாது.

டிவிடிக்குப் போட்ட சிஎஸ்எஸ் பூட்டு 1999-லேயே உடைந்தது, அதன் சாவி வெறும் 40 பிட். அதைவிடப் பலமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்த ஏஏசிஎஸ்-உம் 2006 கடைசியிலேயே ஆட்டம் கண்டது. 2007-இல் 16 பைட் சாவி ஒன்று இணையமெங்கும் பரவியது. அதை வெளியிட்ட தளங்களுக்கு நோட்டீஸ் போகப் போக, ஆட்கள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2012-இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் எண்ணத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நகல் போட்டு விற்பதற்காக, குரூப்பில் பகிர்வதற்காக உடைப்பதெல்லாம் அதில் வரும். வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு பிரதி எடுப்பதைப் பற்றி வக்கீல்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாமாவின் சினிமா டிஸ்குகளைக் கழுவித் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். படம் போனால் இன்னொன்று வாங்கலாம். கொடை டிஸ்கில் பாடுகிற வில்லுப்பாட்டுக்காரர் இன்று உயிரோடு இல்லை. எனக்கு இருந்த ஒரு மாத நேரமும் அந்த மாதிரி டிஸ்குக்குத்தான் போகவேண்டும் என்று நினைத்தேன்.

கழுவுவது

சேறு பட்ட டிஸ்கைக் காய்ந்தபடியே துடைக்காதீர்கள். மண் துகள் உப்புத்தாள் மாதிரி இழுத்துவிடும். ஒரு வாளி நல்ல தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. டிஸ்கை அமிழ்த்தி வைத்து மண் தானாக இளகட்டும். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. தகவல் வட்டச் சுழலாக எழுதப்பட்டிருக்கிறது. வட்டமாகக் கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகத் தகவல் போகும், மீட்க முடியாது. குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளித் துளியாகத்தான் தொடும், டிரைவ் அதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

சித்தி நல்ல எண்ணத்தில் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்தாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று சொல்வதையும் நம்பாதீர்கள், ப்ளூரேக்குச் சுத்தமாக ஆகாது. டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில், இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கிறது. ப்ளூரேயில் அது வெறும் 0.1 மில்லிமீட்டர் கீழே. சிடியில் நேர் எதிர், தகவல் இருப்பது மேல் பக்கம், பெயர் எழுதும் பக்கம். அதனால் சிடியின் மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் கல்யாணமும் சேர்ந்து உரியும்.

காயவைப்பது நிழலில். திண்ணை போதும், மொட்டை மாடி வேண்டாம். எழுதும் டிஸ்கில் இருப்பது பெரும்பாலும் சாயம், நம் ஊர் வெயிலை அது தாங்காது.

ஏற்றுவது

டிவிடிக்கு, கணினியின் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று போதும். ப்ளூரே வாசிக்கும் டிரைவ் விலை கூடுதல், இரண்டு மூன்று டிஸ்க்தான் இருக்கிறது என்றால் யாரிடமாவது இரவல் கேளுங்கள்.

டிஸ்கைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகளை இழுத்துப் போடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நல்ல டிஸ்காக இருந்தால் வந்துவிடும். கெட்ட டிஸ்கில் ஒரு இடம் படிக்கவில்லை என்றால் அந்தக் கோப்பு முழுவதும் நின்றுபோகும். டிவிடி படத்தை 1 ஜிபி துண்டுகளாகத்தான் வைத்திருக்கும், எனவே ஒரு நொடிக் கோளாறுக்கு இருபது நிமிடப் படம் போய்விடும். அதனால் டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக, ஐஎஸ்ஓ வடிவில் எடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் பழசு என்றாலும் இன்றைக்கும் வேலை செய்கிறது. டிஸ்கிலிருந்து இமேஜ் கோப்பு உருவாக்கு என்ற பொத்தானை அழுத்தி, சேமிக்கும் இடம் சொன்னால் முடிந்தது. நிறுவும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற வேறு மென்பொருள் எதற்காவது டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பூட்டிய சினிமா டிஸ்கை இது எடுக்காது. நமக்கு அது வேண்டவும் வேண்டாம்.

ஒரு அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, ஒரு அடுக்கு ப்ளூரே 25 ஜிபி. 4எக்ஸ் வேகத்தில் ப்ளூரேக்கு ஏறக்குறைய 23 நிமிடம் ஆகும். டிவிடிக்கு ஒரு டீ குடித்து வரும் நேரம்.

படிக்க முடியவில்லை என்று வந்தால் பதற வேண்டாம். முதலில் வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் வேறு டிரைவில் போடுங்கள். என் புது டிரைவ் துப்பிய நாலு டிஸ்கை, மூடிப்போன ஒரு ப்ரௌசிங் சென்டரில் கிடந்த பழைய கணினியின் டிரைவ் சத்தமில்லாமல் படித்துக் கொடுத்தது. பழைய இரும்பைப் போட்டுவிடாதீர்கள்.

அதிலும் வராவிட்டால் லினக்ஸில் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். இதன் அழகு என்னவென்றால், அடம்பிடிக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடத்தையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, விட்டுப்போன இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு திரும்பி வரும். அதே வரைபடத்தை வைத்து இன்னொரு டிரைவில் தொடரலாம். வில்லுப்பாட்டு டிஸ்க் அப்படித்தான் வந்தது. முதல் டிரைவ் விட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை இரண்டாவது டிரைவ் அடைத்தது. டிஸ்கில் தகவல் செக்டர் என்ற சின்னத் துண்டுகளாக இருக்கும், ஒரு செக்டர் 2048 பைட். முந்நூறு செக்டர் போனாலும் டிவிடி படத்தில் ஒரு நொடி மாதிரிதான். இன்றைக்கும் அந்தப் படத்தில் இரண்டு இடத்தில் உடுக்கை அடிப்பவரின் கை கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். பாட்டு ஓடும்.

எடுத்தது சரியா என்று பார்ப்பது

இமேஜ் வந்தவுடன் விஎல்சி பிளேயரில் போட்டு நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் செவன்ஜிப் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, கோப்பின் கைரேகை மாதிரியான ஷா-256 எண்ணை எடுங்கள். 64 எழுத்து வரும். அதை ஒரு எழுத்துக் கோப்பில் டிஸ்கின் பெயரோடு எழுதி வையுங்கள். நாளைக்கு ஹார்ட் டிஸ்கிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு மாற்றும்போது அதே எண் வந்தால் ஒரு பைட் கூட மாறவில்லை என்று அர்த்தம்.

பார்ப்பதற்கு ஒரு பிரதி

ஐஎஸ்ஓ என்பது பத்திரம் மாதிரி, உள்ளே வைத்துப் பூட்ட வேண்டியது. டிவியிலும் போனிலும் பார்க்க வேறு பிரதி வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஐஎஸ்ஓவை நேராகத் திறக்கலாம். நம் ஊர் டிவிடி, பால் (PAL) என்ற டிவி முறை: 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், அதுவும் பாதிப் பாதியாகக் கோர்த்தது. அப்படியே மாற்றினால் தாலி கட்டும் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் போட்டால் போய்விடும். தர எண்ணை 18 முதல் 20-க்குள் வையுங்கள். ப்ளூரேயில் இந்த மாற்றும் வேலையே வேண்டாம், எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் போட்டுப் படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் 4கே ஆக்கித் தருகிறோம் என்பார்கள். ஒரு டிஸ்குக்குக் காசு கொடுத்துப் பார்த்தேன். தாத்தாவின் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகி வந்தது. பழைய படத்தில் எது இருக்கிறதோ அதுதான் இருக்கும்.

எங்கே வைப்பது

ஐஎஸ்ஓவை பென் டிரைவில் போடும்போது கோப்பு மிகப் பெரியது என்று வந்தால், இடம் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் ஏறிவிடும். அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், ஃபார்மேட்டில் எல்லாம் அழிந்துவிடும்.

இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீடு. ஒன்று ஜங்ஷனில் என்றால் மற்றது பாளையங்கோட்டையில், முடிந்தால் மாடியில். ஒரே பீரோவில் இரண்டு பிரதி வைப்பது ஒரு பிரதி வைப்பதற்குச் சமம்.

நாமே போடும் பூட்டு

இப்போது சாவிக் கோப்பு மறுபடி வருகிறது, இந்த முறை நம்முடைய சாவி. உறவினர் வீட்டில் ஹார்ட் டிஸ்கைக் கொடுத்து வைக்கும்போது, சடங்கு, வளைகாப்பு வீடியோவெல்லாம் எவர் கண்ணிலும் படவேண்டாம் என்று சில வீட்டில் நினைப்பார்கள், நியாயம்தான். வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் ஒரு பூட்டிய பெட்டி செய்து அதற்குள் போட்டு வைக்கலாம். கடவுச்சொல்லோடு ஒரு சாவிக் கோப்பையும் சேர்க்கலாம். இரண்டும் இருந்தால்தான் திறக்கும்.

எந்தக் கோப்பையும் சாவியாக வைக்கலாம் என்று அது சொல்லும். அதை நம்பி எங்கள் மைனி கல்யாண போட்டோ ஒன்றைச் சாவியாக்கினாள். போன் மாற்றும்போது போட்டோவை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிவிட்டுப் பழையதை அழித்துவிட்டாள். படம் அதே படம்தான், பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. பெட்டி திறக்கவில்லை. வாட்ஸ்அப் போட்டோவை அமுக்கித்தான் அனுப்பும், உள்ளே பைட்டெல்லாம் மாறிவிடும். வெராகிரிப்ட் சாவிக் கோப்பின் முதல் 1 எம்பியைப் படிக்கும், அதில் ஒரு பிட் மாறினாலும் அது வேறு சாவி. பாட்டுக் கோப்பைச் சாவியாக வைத்து, அப்புறம் பாடகர் பெயரைத் திருத்தினாலும் இதே கதி. "அதே போட்டோதானல்லா!" என்று மைனி இரண்டு நாள் கணினியோடு சண்டை போட்டாள். நல்ல காலம், அண்ணனின் பழைய லேப்டாப்பில் அசல் கிடந்தது.

எனவே போட்டோ வேண்டாம், பாட்டு வேண்டாம். வெராகிரிப்டிலேயே சாவிக் கோப்பு உருவாக்கும் வசதி இருக்கிறது, சுட்டியை ஆட்டச் சொல்லும், ஆட்டினால் 64 பைட்டில் ஒரு கோப்பு வரும். அதை மூன்று இடத்தில் வையுங்கள், பெட்டி இருக்கும் அதே ஹார்ட் டிஸ்கில் மட்டும் வைக்காதீர்கள். அதே கையோடு, பெட்டியைத் திறக்கும் விவரம் இருக்கும் தலைப்பகுதிக்கும் காப்பு எடுத்துவிடுங்கள், அதற்கும் மெனுவில் இடம் உண்டு. கடைசியாக, வேறு ஒரு கணினியில், சாவியின் பிரதியை வைத்து ஒரு தடவை திறந்து பார்த்த பிறகே பூட்டாத அசல் வீடியோவை அழியுங்கள். பூட்டே போடாமல் விடுவதில் தவறில்லை என்பது என் கட்சி. எங்கள் 39 டிஸ்கில் பூட்டுக்குள் போனது 4 மட்டும்.

அந்த 4-க்கான சாவி இருக்கும் பென் டிரைவ் இப்போது ஆச்சியின் இடுப்புச் சாவிக்கொத்தில், பீரோ சாவிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பொங்கலுக்குப் பொங்கல் வாங்கிக் கணினியில் செருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். கொடுக்கும் முன் மறுவீட்டுப் பந்தியை ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பொங்கலுக்குக் கொத்து கைக்கு வராது.